ஒரு ரூபாய்த் தாளிலிருந்து தொடங்குங்கள்: பழைய நோட்டு சேகரிப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பழைய ரூபாய் நோட்டுகளைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எங்கே வாங்கலாம் என்பதைத்தான். வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: எதைச் சேர்க்கப் போகிறோம், எதை விட்டுவிடப் போகிறோம் என்பது. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்தால் நோட்டு வெளியிடும் உரிமையை இந்திய அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. அன்றுமுதல் விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய ஒருபக்க அச்சுத் தாள்கள், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்துத் தாள்கள், அசோகத் தூண் வரிசை, காந்தி வரிசை என்று அடுத்தடுத்து வெளிவந்த அனைத்தையும் ஒருவர் தம் வாழ்நாளுக்குள் திரட்டிவிட முடியாது. எல்லை வகுத்துக்கொள்ளாமல் தொடங்குகிறவரிடம் மூன்று ஆண்டுகளில் ஒரு பெட்டி நிறையத் தாள்கள் சேர்ந்திருக்கும். அவற்றுள் எது எதோடு சேரும் என்று அவராலேயே சொல்ல முடியாது.

ஆகவே புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஒரு ரூபாய்த் தாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. இந்தியக் காகிதப் பணத்திலேயே மிகச் சிறிய மதிப்புடைய அந்தத் தாள், நோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விடச் சிறந்த ஆசிரியர். அதில் ஆண்டு அச்சாகியிருக்கும். ரிசர்வ் வங்கியின் நோட்டுகளிலோ 2005ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் அச்சிட்ட ஆண்டு பின்புறத்தில் இடம்பெறத் தொடங்கியது. அதற்கு முந்தைய பத்து ரூபாயோ நூறு ரூபாயோ எந்தக் காலத்தது என்பதை ஆளுநரின் கையொப்பத்தைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். மேலும், ஒரு ரூபாய்த் தாளை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அல்ல, இந்திய அரசு. சட்டத்தின் பார்வையில் அது நாணயத்துக்கு நிகரானது. அதனால்தான் மற்ற நோட்டுகளில் காணப்படும் ‘இத்தனை ரூபாய் தர உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகம் அதில் இல்லை. ஆளுநருக்குப் பதிலாக நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுகிறார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சுதந்திரத்துக்குப் பிந்தைய ஒரு ரூபாய்த் தாள்களில் பெரும்பாலானவை ஒரு மாணவர்கூட வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன.

முதலில் அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், வெள்ளி ரூபாய்க்கு மாற்றாக 1917ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று முதல் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த நாணயத்தின் படமே அதன் முகப்பில் இருந்தது. 25 தாள்கள் கொண்ட சிறு புத்தகமாகத் தைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கிழித்துச் செலவழிக்கும் முறையும் அன்று இருந்தது. ஆகையால் இடது ஓரத்தில் துளைவரிசையின் தடம் உள்ள தாளைக் கண்டால் அதைச் சேதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அடுத்து 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாத் தாள் ஒன்றும் வந்தது. இன்றைய கணக்கில் இரண்டரை ரூபாய் மதிப்புள்ள அந்தத் தாள் பெரிய சேகரிப்பாளர்களே தேடி அலையும் பொருள் என்பதால், புதியவர்கள் அதைக் கண்காட்சியில் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அச்சிடும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1926 ஜனவரியில் இந்தத் தாள்கள் நிறுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போர் மீண்டும் உலோகத் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, 1940இல் ஒரு ரூபாய்த் தாள் திரும்பி வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய்த் தாள் 1949இல், மன்னரின் முகம் இருந்த இடத்தில் சாரநாத் சிங்கத் தூணைத் தாங்கி வெளியானது, அதில் கே.ஆர்.கே. மேனன் கையொப்பமிட்டிருந்தார். பிறகு 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி, அவர் உருவம் பொறித்த நாணயத்தின் படத்தோடு ஒரு தாள் வந்தது. எண்பதுகளில் பின்புறத்தில் ‘சாகர் சாம்ராட்’ எண்ணெய்த் துரப்பண மேடை இடம்பெற்றது. 1994இல் அச்சிடுவது மறுபடியும் நின்று, 2015இல் அதே எண்ணெய் மேடைப் படத்தோடு மறுபடியும் தொடங்கியது. இருமுறை நின்று இருமுறை உயிர்பெற்ற தாள் என்பதால், ஒவ்வொரு இடைவெளியும் உங்கள் தொகுப்பில் ஓர் இயல்பான அத்தியாயப் பிரிவாக அமைந்துவிடும்.

ஒரு தாளைப் படிக்கும் முறை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் பழகுங்கள். ஒரு நோட்டை வாங்குவதற்கு முன் அதைக் கண்ணால், விரலால், வெளிச்சத்தால் மூன்றுமுறை படிக்கத் தெரிந்தவர் ஏமாறுவது அரிது. தேவைப்படும் கருவிகள் மிகக் குறைவு: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, சிறிய எல்.இ.டி. டார்ச் ஒன்று, புற ஊதா டார்ச் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று.

முதலில் ஆண்டையும் கையொப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகக்கூடும். 1957 என்ற ஆண்டைத் தாங்கிய ஒரு ரூபாய்த் தாளை எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு, அதே வடிவமைப்பு, ஆனால் எச்.எம். படேல் கையொப்பமிட்டது ஒன்று, ஏ.கே. ராய் கையொப்பமிட்டது ஒன்று, எல்.கே. ஜா கையொப்பமிட்டது ஒன்று என மூன்று வகைகள் உண்டு. ஆண்டை மட்டும் பார்த்து ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று ஒதுக்குகிறவர் மற்ற இரண்டையும் தவறவிடுவார்.

கையொப்பங்களைத் தொடர்ந்து செல்வதில் எனக்கு இன்றும் தீராத ஈடுபாடு உண்டு. எஸ். பூதலிங்கம், எஸ். ஜெகந்நாதன், ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், ஆர்.என். மல்ஹோத்ரா, எஸ். வெங்கிடரமணன், பிமல் ஜலான், மாண்டேக் சிங் அலுவாலியா என்று நீளும் அந்த வரிசை, நாட்டின் நிதி நிர்வாகத்தையே ஒரு விரல் நீளத்தில் எழுதிக்காட்டுகிறது. இவர்களுள் ஜெகந்நாதன், ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், மல்ஹோத்ரா, வெங்கிடரமணன், ஜலான் ஆகியோர் பின்னர் ரிசர்வ் வங்கியின் ஆளுநர்களாகவும் ஆனார்கள். 2017ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் கையொப்பமிட்ட சக்திகாந்த தாஸும் அவ்வாறே அடுத்த ஆண்டு ஆளுநர் ஆனார். ஒரே மனிதர் செயலாளராக ஒப்பமிட்ட ஒரு ரூபாயையும், ஆளுநராக ஒப்பமிட்ட பத்து ரூபாயையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துப் பார்க்கும் தொகுப்பு, பெரிய செலவில்லாமல் யாரும் உருவாக்கக்கூடிய அழகான ஒன்று.

அடுத்து வரிசை எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தும் இலக்கமும் சேர்ந்ததை முன்னொட்டு என்பார்கள். ‘பிரீஃபிக்ஸ்’ என்ற சொல்லே வியாபாரிகளிடம் அதிகம் புழங்குகிறது. எண்கட்டத்தில் எண்ணுக்குப் பின்னணியாகத் தனியே அச்சாகியிருக்கும் ஓர் ஆங்கில எழுத்து ‘இன்செட்’ எனப்படும். ஆண்டும் கையொப்பமும் ஒன்றாக இருந்தும் இன்செட் எழுத்து வேறுபட்டால் சேகரிப்பாளர்கள் அதைத் தனி வகையாகவே கொள்கிறார்கள். தொடக்கத்தில் இதைப் பட்டியலில் குறித்துக்கொண்டால் போதும். எல்லா எழுத்துகளையும் துரத்த வேண்டியதில்லை. பிந்தைய ரிசர்வ் வங்கி நோட்டுகளில் முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே நட்சத்திரக் குறி இருந்தால், அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக நோட்டுக் கட்டுக்குள் சேர்க்கப்பட்டது என்று பொருள். 2006இல் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களில் இந்த முறை தொடங்கியது.

எண்ணைப் பற்றிப் பேசும்போது பழங்காலத்து வழக்கம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய தொகை நோட்டுகளைத் தபாலில் அனுப்புகிறவர்கள், திருட்டுக்கு அஞ்சி நோட்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது சேர்ந்ததாகப் பதில் வந்த பிறகே மறுபாதி போகும். பெறுகிறவர் இரண்டையும் எண் பார்த்து ஒட்டிக்கொள்வார். நடுவில் வெட்டி ஒட்டப்பட்ட விக்டோரியா காலத்துத் தாள்கள் இன்றும் ஏலங்களில் காணப்படுவது இதனால்தான்.

பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நீர்க்குறி என்பது அச்சிடப்படுவதல்ல. காகிதம் ஈரக்கூழாக இருக்கும்போதே சில இடங்களில் மெலிதாகவும் சில இடங்களில் தடிப்பாகவும் படியவைத்து உருவாக்கப்படுவது. ஆகவே உண்மையான நீர்க்குறியில் இருளும் வெளிச்சமும் மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கரையும். எண்ணெய்ப் பசையாலோ வெளிறிய மையாலோ போலியாக வரைந்ததில் விளிம்பு கோடு போட்டதுபோல் நிற்கும். 2015க்குப் பிந்தைய ஒரு ரூபாயில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற சொற்கள் இல்லாத அசோகத் தூணும், 1 என்ற இலக்கமும், இந்தியில் ‘பாரத்’ என்ற சொல்லும் நீர்க்குறியாக மறைந்திருக்கும். அதை ஒரு புது நோட்டில் பார்த்துப் பழகிக்கொண்டு பழைய தாள்களுக்குப் போங்கள். பாதுகாப்பு இழைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தேர்ந்த தரத்தில் கள்ளநோட்டு அச்சிட்டதை எதிர்கொள்ள, ஆறாம் ஜார்ஜ் நோட்டுகளின் நீர்க்குறி மாற்றப்பட்டது. இந்திய நோட்டில் பாதுகாப்பு இழை முதன்முதலாக 1944இல் நுழைந்ததும் அப்போதுதான்.

கடைசியாக மொழிகளைப் படியுங்கள். இன்றைய ரிசர்வ் வங்கி நோட்டுகளின் பின்புறம் 15 மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டிருக்கும். ஆங்கில அகரவரிசைப்படி அமைந்த அந்தப் பட்டியலில் தமிழ் கீழிருந்து மூன்றாவது வரி. கொங்கணியும் நேபாளியும் சேர்வதற்கு முந்தைய தாள்கள் பலவற்றில் 13 வரிகளே இருக்கும். எனவே வரிகளை எண்ணுவதே காலத்தைக் கணிக்கும் ஒரு வழி. ஐம்பதுகளின் தொடக்கத்து நோட்டுகளில் இந்திப் பன்மை ‘ருபயா’வா ‘ருபயே’வா என்ற விவாதம் நடந்து, 1953 வாக்கில் ‘ருபயே’ என்று முடிவானது. இரண்டு எழுத்துவடிவங்களையும் தனித்தனி வகையாகச் சேர்ப்பவர்கள் உண்டு.

தரத்தை மதிப்பிடுதல்

பழைய நோட்டின் விலையைத் தீர்மானிப்பது அதன் வயதைவிட அதன் நிலையே. எழுபதுகளின் ஒரு ரூபாய் மடிப்பே விழாமல் இருந்தால், கசங்கிக் கிழிந்த நாற்பதுகளின் தாளைவிட அதிக விலை பெறலாம். புழக்கத்துக்கே போகாத, மடிப்பும் மூலைத் தேய்வும் இல்லாத தாளை ‘யு.என்.சி.’ என்பார்கள். ஒரே ஒரு மெல்லிய மடிப்பு இருந்தாலும் அது ‘ஏ.யு.’ ஆகிவிடும். இரண்டு மூன்று மெல்லிய மடிப்புகளோ ஒரே ஓர் அழுத்தமான மடிப்போ இருந்தால் ‘இ.எஃப்.’, அதற்குக் கீழே ‘வி.எஃப்.’, ‘எஃப்.’ என்று படிகள் இறங்கும். மேசையில் தாளை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத மடிப்புகள் எல்லாம் நிழல் கோடுகளாக எழும்பும்.

இந்திய நோட்டுகளுக்கே உரிய ஒரு விதிவிலக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். நூறு தாள் கொண்ட கட்டுகளைக் கம்பித் தையல் போட்டே வங்கிகள் பல பத்தாண்டுகள் கொடுத்துவந்தன. ரிசர்வ் வங்கி 2001இல்தான் அதைத் தடை செய்தது. ஆகவே அதற்கு முந்தைய புத்தம் புதுத் தாளிலும் இடது ஓரத்தில் இரண்டு ஊசித்துளைகள் இருப்பது இயல்பு. துளையே இல்லாத தாளுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். துளை இருப்பதற்காக ஒரு நல்ல தாளை நீங்கள் வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

மோசடியை அறிய மூன்று சோதனைகள் போதும். சலவைத் தூளில் கழுவிய தாள் புற ஊதா ஒளியில் நீலவெண்மையாக மினுங்கும். கழுவாத பழைய பருத்திக் காகிதம் மந்தமாகவே இருக்கும். இஸ்திரி போட்ட தாளில் மடிப்பு மறைந்திருந்தாலும், லென்ஸில் பார்த்தால் அந்தக் கோட்டில் மை உதிர்ந்து இழைகள் முறிந்திருப்பது தெரியும். தேய்ந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கிய தாளை அளவுகோல் காட்டிக்கொடுக்கும். இன்றைய ஒரு ரூபாயின் அளவு 97 மி.மீ. நீளம், 63 மி.மீ. அகலம் என்பதுபோல ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று ஓர் அளவு உண்டு. நான் தொடங்கிய காலத்தில், இஸ்திரி போட்ட 1951ஆம் ஆண்டுத் தாள் ஒன்றை யு.என்.சி. விலை கொடுத்து வாங்கினேன். இன்றும் அதைத் தொகுப்பிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முறிந்த இழையைக் காட்ட அதைவிடத் தெளிவான மாதிரி என்னிடம் வேறு இல்லை.

எங்கே தேடுவது, என்ன விலை தருவது

முதல் இடம் உங்கள் சொந்த வீடும் உறவினர் வீடுகளும்தான். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று மொய் வைக்கும் நம் வழக்கத்தால், கல்யாண சீசனுக்கென்று புது ஒரு ரூபாய்த் தாள்களை வங்கியில் வாங்கிப் பத்திரப்படுத்திய குடும்பங்கள் ஏராளம். பாட்டியின் டிரங்குப் பெட்டி, பழைய கணக்குப் புத்தகங்களின் நடுப்பக்கம், பூஜை அறை உண்டியல், தாத்தாவின் டைரி உறை ஆகியவற்றில் பொறுமையாகத் தேடுங்கள். கிடைத்தால், அது யாருடையது, எப்போது வைத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு அன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நாணயக் கண்காட்சிகளுக்குப் போங்கள். முதல் இரண்டு கண்காட்சிகளில் எதையும் வாங்காமல், ஒரே தாளுக்குப் பல மேசைகளில் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. இணையத்தில் கேட்கப்படும் விலை விலையே அல்ல. ஏலத்தில் உண்மையாக விற்ற தொகையே அளவுகோல். ‘786 எண் உள்ள நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்’ என்று யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டுகளுக்குக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவித்திருக்கிறது.

சட்டத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் மொத்தம் 10 தாள்கள் வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 தாள்கள் வரை. அதற்கு மேல் வைத்திருந்தால் அபராதம் உண்டு. கட்டுக்கட்டாக யாராவது ‘சேகரிப்புக்கு’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

பாதுகாத்தல்

நான் பார்த்த சேதங்களில் பெரும்பகுதி அன்பினால் நேர்ந்தவை. தாளைப் பத்திரப்படுத்துவதாக எண்ணி லேமினேட் செய்துவிடுவார்கள். அதன் பிறகு அதை எவராலும் மீட்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவார்கள்; சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும். கழுவுவது, இஸ்திரி போடுவது, அழிப்பானால் தேய்ப்பது ஆகிய மூன்றையும் ஒருபோதும் செய்யாதீர்கள். கிழிந்த தாள் கிழிந்த தாளாகவே இருக்கட்டும்.

உறை வாங்கும்போது பி.வி.சி. உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். புது ரெயின்கோட்டின் வாடை வீசுவது எதுவாயினும் அது ஆகாது. நாளடைவில் அதிலிருந்து கசியும் பசை மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலின் உறைகளே ஏற்றவை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஆல்பத்தைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல், உள்ளறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பூஞ்சையோ வெள்ளிமீன் பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்துருண்டையை ஆல்பத்துக்குள் போடக் கூடாது. தாளைத் தொடும்போது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

ஒரு ரூபாய்க்குப் பிறகு

ஓராண்டுக்குள் சுதந்திரத்துக்குப் பிந்தைய கையொப்பங்களில் பெரும்பாலானவை சேர்ந்துவிடும். அப்போது எந்தத் திசையில் போகலாம் என்று உங்களுக்கே தெரியும். சேவாகிராம ஆசிரமத்தின் முன் காந்தி அமர்ந்திருக்கும் 1969ஆம் ஆண்டு வரிசை ஒரு நல்ல அடுத்த படி. வளைகுடா நாடுகளுக்காக 1959இல் வேறு நிறத்தில் அச்சிட்ட தாள்களும், ஹஜ் பயணிகளுக்கான ‘ஹெச்.ஏ.’ முன்னொட்டுத் தாள்களும் விலை மிக்கவை. அனுபவம் உள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். என் சொந்த விருப்பம், தஞ்சைப் பெரிய கோயிலைப் பின்புறத்தில் தாங்கிய 1954ஆம் ஆண்டின் ஆயிரம் ரூபாய். 1978 ஜனவரியில் செல்லாததாகிவிட்ட அந்தத் தாளில் கோயிலின் விமானத்தை முதன்முதலாக லென்ஸ் வழியே பார்த்த நாளை நான் மறக்கவில்லை. வாங்க முடியாதவற்றைப் பார்ப்பதற்கு மும்பையில் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகமும், பெங்களூரில் இந்தியக் காகிதப் பணத்துக்கென்றே அமைந்த அருங்காட்சியகமும் இருக்கின்றன.

முதல் தாள் கைக்கு வந்த அன்றே ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மதிப்பு, ஆண்டு, கையொப்பம், முன்னொட்டும் எண்ணும், இன்செட் எழுத்து, நிலை, கிடைத்த இடம், நாள், கொடுத்த விலை என்று ஒன்பது பத்திகளில் எழுதுங்கள். எழுதுவது பேனாவால் புத்தகத்தில் மட்டும் இருக்கட்டும். உறையின் மேல் எழுதுவதானால் தாளை வெளியே எடுத்துவைத்துவிட்டு எழுதி, மை காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.